நாலரை மில்லிமீட்டர்

பணி ஓய்வுக்குப் பிறகு புதுச்சேரியை விட்டுக் கோவைக்கு, மகள் வீட்டோடு வந்து 12 வருடமாகிறது. மாப்பிள்ளை கணபதியில் சின்னதாகப் பம்ப் உதிரிபாகப் பட்டறை நடத்துகிறார். ஆயுள் முழுக்க அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்தவனுக்கு வீட்டில் சும்மா உட்கார முடிவதில்லை. மாதக் கடைசியில் அங்கே போய்ச் சம்பளக் கணக்கைச் சரிபார்த்துக் கொடுப்பேன்.

ஆட்கள் முப்பது சொச்சம் பேர். சம்பளச் சீட்டு, கட்டம் போட்டு அச்சடித்த தொடர்தாளில், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் வரும். கார்பன் நகல் வேண்டும் என்பதால் மாப்பிள்ளை அதை விடவில்லை. சென்ற வருடம் கணக்கு சாப்ட்வேரைப் புதுப்பித்தார்கள். வந்த தம்பி ஒரு சீட்டு அடித்துக் காட்டினார். எண்கள் கட்டத்துக்குள் கச்சிதமாக இருந்தன. நானும் தலையாட்டினேன். அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் அடித்து, கிழித்து, கொடுத்தாயிற்று.

மறுநாள் காலை மோல்டிங் வேலை பார்க்கும் ஒருவர் எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார். இரவு தூங்கவில்லை என்று முகமே சொன்னது.

"ஏனுங்கய்யா, என்ற சம்பளம் பூராவும் முன்பணத்துல கழிச்சுப் போட்டீங்களா? பொண்ணுக்குக் காலேஜ் பீஸ் கட்டோணுமுங்க."

சீட்டை வாங்கிப் பார்த்தேன். முன்பணம் என்ற கட்டத்தில் அவருடைய முழுச் சம்பளம். கைக்கு வருவது என்ற கட்டம் காலி. நகலைப் புரட்டினேன். அது மூன்றாவது சீட்டு. முதல் சீட்டு சரி. இரண்டாவதில் எண்கள் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தன. மூன்றாவதில் ஒரு கட்டம் மேலே ஏறிவிட்டன. தொகை ஒன்றுகூடத் தப்பில்லை, இடம்தான் தப்பு.

போனில் அந்தத் தம்பி, "ஸ்கிரீன்ல சரியாத்தானே சார் இருக்கு" என்றார்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த காலத்து 20 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்று என்னிடம் இன்னும் இருக்கிறது. 'தூப்ள் தெசிமேத்ர்' என்போம். மில்லிமீட்டர் பிசகினால் எங்கள் வாத்தியார் கோட்டை அழித்துப் போடச் சொல்வார். அதை எடுத்து முதல் சீட்டையும் பத்தாவதையும் அளந்தேன். எழுத்து நான்கு சென்டிமீட்டர் மேலே போயிருந்தது. ஒன்பதால் வகுத்தால், சீட்டுக்குச் சுமார் நாலரை மில்லிமீட்டர்.

பிறகு தாளின் ஓரத்து ஓட்டைகளை எண்ணினேன். அரை அங்குலத்துக்கு ஒன்று. ஒரு சீட்டுக்கு 12. ஆக, உயரம் 6 அங்குலம், அதாவது 152.4 மில்லிமீட்டர். கம்ப்யூட்டரில் பார்த்தால், புதுப்பித்தபோது பழைய தாள் அளவு போய்விட்டிருந்தது. கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கிறதே என்று அந்தத் தம்பி படுக்கைவாட்டில் ஏ5 அளவைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதன் உயரம் 148 மில்லிமீட்டர். வித்தியாசம் 4.4. ஒவ்வொரு சீட்டுக்கும் பிரிண்டர் அந்த அளவு குறைவாகத் தாளைத் தள்ளியிருக்கிறது.

ஏ4, ஏ5 எல்லாம் 1922-இல் ஜெர்மனி வகுத்த மெட்ரிக் அளவுகள். 1975-இல் உலகத் தரமாயின. ஓட்டை போட்ட தொடர்தாளோ இன்றைக்கும் அங்குலத்தில்தான் நிற்கிறது. இரண்டும் எங்கள் மேஜைமேல் மோதியிருக்கின்றன.

விண்டோஸில் 10-க்கு 6 அங்குலம் என்று புதிதாக ஒரு தாள் அளவைப் பதிந்து, ரிப்போர்ட்டிலும் அதையே தேர்ந்தெடுத்தோம். இந்த முறை பத்துச் சீட்டு அடித்து, பத்தாவதை முதலில் பார்த்தேன். பிறகு எல்லோரிடமும் பழைய சீட்டை வாங்கிக்கொண்டு புதியதைக் கொடுத்தோம்.

மோல்டிங்காரரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்து, விரல் வைத்துக் காட்டினேன். "தப்பு எங்க மேலதான்" என்றேன்.

"பரவாயில்லீங்கய்யா, பணம் வந்தாச் சரிங்க" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவர் அப்படிச் சொல்லிவிட்டார். ஒற்றைச் சீட்டைப் பார்த்துத் தலையாட்டியது நான். அந்த ஒரு ராத்திரிக்கு என்னிடம் கணக்கு இல்லை. உங்கள் ஆபீசிலும் சாப்ட்வேரை மாற்றினால், முதல் தாளைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். பத்தாவது தாளைப் பாருங்கள்.