ஒரு மணி நேரம்தானே என்கிறாய்!

சுரக்குடி

அன்புள்ள செல்விக்கு,

உன் குரல் பதிவைக் கேட்டோம். உன் பேரனுக்குக் காதுகுத்துன்னா நாங்க வராம இருப்போமாடி? ஆனா, "திருச்சியில ஏறினா ஒரு மணி நேரம்தானேக்கா"ன்னு இழுத்தே பாரு, அதுதான் எனக்குப் பொறுக்கல. ஏறுற வரைக்கும் படுற பாட்டை யார் கணக்குல சேர்க்கிறது?

விடியறதுக்கு முன்னாடி கிளம்பணும். அம்பகரத்தூர், கும்பகோணம், தஞ்சாவூர்னு ஏறக்குறைய 150 கிலோமீட்டர். கார்ல போனாலே நாலு மணி நேரம் ஆகும். வெளிநாட்டு விமானமாம், மூணு மணி நேரம் முன்னாடியே போய் உட்காரணும். 2024ல திறந்த அந்தப் புது முனையம் பெரிசு. அத்தான் முட்டிவலியோட அதுல நடக்கணும். சக்கர நாற்காலின்னு வாயெடுத்தாலே முறைக்கிறார்.

அவர் இப்ப வரைபடமும் ஸ்கேலுமா உட்கார்ந்திருக்கார். வாத்தியார் புத்தி எங்கே போகும்? திருச்சியிலேருந்து உங்க பக்கத்துப் பலாலி விமான நிலையத்துக்கு நேர்கோட்டுல சுமார் 185 கிலோமீட்டராம். நம்ம வீட்டிலேருந்து அளந்தா 130தான் வருதாம்! ஆக, கடலை முதுகுக்குப் பின்னால விட்டுட்டு மேற்கே போய், அங்கேருந்து திரும்பி, அதிராம்பட்டினம் பக்கமா அதே கடலைத் தாண்டி உன்கிட்ட வரணும். அந்தச் சின்ன ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்துல பறக்குமாம். அப்படிப் பார்த்தா அரை மணிகூட ஆகாது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போறது, ஏறுறது, இறங்குறதுன்னுதான் ஒரு மணி நேரமாகுதுன்னு விளக்கம் வேற. கட்டுச்சோத்தைப் பிரிக்கறதுக்குள்ள இறங்கச் சொல்லிடுவான் போல.

குறை சொல்றேன்னு நினைக்காதே. நீ கல்யாணமாகிப் போன புதுசுல சென்னை, கொழும்பு, அப்புறம் ராத்திரி முழுக்க பஸ்ஸுன்னு வந்து நின்னோமே, அதை மறக்க முடியுமா? உங்க உள்நாட்டுச் சண்டைக்கு முந்தின காலத்துல பலாலிக்கும் திருச்சிக்கும் விமானம் ஓடினதை அப்பா கதை கதையா சொல்வார். 2019ல பலாலியைத் திறந்தப்ப முதல்ல சென்னைக்குத்தான் விட்டாங்க. 2025 மார்ச் கடைசியிலதான் நம்ம திருச்சிக்கு வந்தது. அப்பா இருந்திருந்தா முதல் ஆளா டிக்கெட் போட்டிருப்பார்.

எனக்கென்னவோ கப்பல் மேலதான் கண்ணு. நாகப்பட்டினம் முக்கால் மணி நேரம். அங்கேருந்து காங்கேசன்துறைக்குக் கடல்ல நாலு மணி நேரம். மூட்டையும் ரெண்டு கூட கொண்டுவரலாம். ஆனா 2023 அக்டோபர்ல ஆரம்பிச்சு, சில நாள்லயே மழைக்காலம்னு நிறுத்திட்டாங்களே! நீ என்னடான்னா ஐப்பசியில நாள் பார்க்கிறே. சம்பந்திகிட்ட பக்குவமா பேசி ஆவணிக்கு மாத்திடேன். இல்லேன்னா விமானம்தான், அப்புறம் நீ கேட்ட கருவாடு வராது. பக்கத்து சீட்டுக்காரர் முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு அத்தான் இப்பவே கறாரா சொல்லிட்டார்.

நீ சர்க்கரை மாத்திரையை ஒழுங்கா போடு. விசேஷ வேலையை எல்லாம் தலையில தூக்கிப் போட்டுக்காதே, மருமக இருக்கா. மாப்பிள்ளையை நான் விசாரிச்சதா சொல்லு. அத்தான் பாஸ்போர்ட்டுல ஆறு மாசமாவது மிச்சம் இருக்கணுமாம், அதை இன்னைக்குத்தான் தேடி எடுக்கச் சொல்லியிருக்கேன். தேதி முடிவானதும் ராத்திரியானாலும் போன் பண்ணு.

அன்புடன்,
அக்கா