எண்பதில் வரும் நடுக்கம்

புதுக் கார் வாங்கினவரைப் பார்த்து நாம் வழக்கமாகக் கேட்பது மூன்று கேள்விகள். என்ன விலை, என்ன மைலேஜ், எந்தக் கோயிலில் பூஜை? 'ஸ்டீயரிங் ஆடுகிறதா?' என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் வாய் வைத்துவிட்டான் என்பார்கள். ஆனால், கேட்க வேண்டிய கேள்வி அதுதான். புது வண்டி என்பதாலேயே நான்கு சக்கரமும் வட்டமாக இருந்தாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

என் கார் வந்து மூன்று வாரம் வரை நகரத்துக்குள் அது பரம சாது. அண்ணா சாலையில் 80 கிலோமீட்டர் வேகம் பார்க்க வேண்டுமானால் ராத்திரி இரண்டு மணிக்குத்தான் கிளம்ப வேண்டும். எனவே விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது பெங்களூர் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூர் தாண்டி. முள் 80ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் என் கைக்குள் நடுங்கியது, மழையில் நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி. 95 வரை நடுக்கம். 100ஐத் தாண்டினால் அடங்கிவிட்டது. பக்கத்தில் மனைவி, "என்ன சத்தம் அது?" என்றாள். சத்தமில்லை, டாஷ்போர்டில் வைத்திருந்த பிள்ளையார் ஆடிக்கொண்டிருந்தார்.

சர்வீஸ் சென்டர் (பெயர் வேண்டாம்) நட்சத்திர ஓட்டல் போல இருந்தது. ஏ.சி., சோபா, இலவச காபி. டை கட்டிய இளைஞர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நியூ வெஹிக்கிள் சார். ஆயிரம் கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்" என்றார். செட் ஆக இதென்ன உறை குத்தின பாலா?

இரண்டாவது தடவை, நான்கு சக்கரத்தையும் கழற்றி பாலன்ஸிங் மெஷினில் சுற்றினார்கள். திரையில் பூஜ்யம், பூஜ்யம். "மெஷினே சொல்லிடுச்சு சார்." அன்று மாலையே நெடுஞ்சாலையில் போய்ப் பார்த்தேன். மெஷின் சொன்னதை ஸ்டீயரிங் கேட்கவில்லை.

மூன்றாவது தடவை ஒரு மெக்கானிக் கூட வந்தார். சர்வீஸ் ரோட்டில் 60ல் ஓட்டிவிட்டு, "ஒண்ணும் இல்லையே சார்" என்றார். திரும்பி வந்ததும் டை இளைஞர் மிக மரியாதையாக, "சாருக்கு வயசு என்ன ஆகுது?" என்றார். 67 என்றேன். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. ஜாப் கார்டில் 'கஸ்டமர் ஃபீல்ஸ் வைப்ரேஷன். செக்ட். ஓகே' என்று எழுதிக் கையெழுத்து கேட்டார்.

அன்று ராத்திரி புனேயிலிருந்து பையன் போன் செய்தான். "எதுக்குப்பா சிரமம்? மாசம் ரெண்டு தடவைதானே வெளியூர் போறீங்க. ஒரு டிரைவர் போட்டுக்கலாமே." அன்பாகத்தான் சொன்னான். ரிட்டயரானவனிடமிருந்து ஒவ்வொன்றாக வாங்கிக்கொள்ளப்படும் சாமான்களில் கார் சாவிக்கு முக்கியமான இடம் உண்டு. போனை வைத்துவிட்டு சமையலறைக்குப் போய், டம்ளர் நிறையக் காபியை டபராவில் ஒரு முழ உயரத்திலிருந்து ஆற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆக, நடுங்குவது நானில்லை.

கொஞ்சம் விஞ்ஞானம். என் கார் போன்ற சிறிய வண்டியின் டயர் ஒரு சுற்று சுற்றினால் ஏறக்குறைய 1.9 மீட்டர் நகரும். 80ல் போகும்போது அது ஒரு விநாடிக்கு 11 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ரிம்மின் விளிம்பில் ஒரு பக்கம் 30 கிராம் அதிகமிருந்தால் (ஒரு எலுமிச்சம்பழ எடைதான்) அந்த வேகத்தில் அது கிட்டத்தட்ட 3 கிலோ விசையோடு சக்கரத்தை வெளியே இழுக்கும். இழுக்கும் திசை விநாடிக்கு 11 முறை சுற்றி வரும். வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்கு. 40ல் சும்மா இருந்த எலுமிச்சம்பழம் 80ல் வேலையைக் காட்டுவது இதனால்தான்.

சரி, 100ல் ஏன் அடங்குகிறது? ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். அது வந்து திரும்பும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னக் குழந்தை தள்ளினாலும் உயரப் போகும். நேரம் தப்பித் தள்ளினால் பயில்வான் தள்ளினாலும் போகாது. காரின் முன் சக்கரம், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாம் சேர்ந்த அமைப்புக்கும் ஊஞ்சல் போல ஒரு சொந்தத் தாளம் இருக்கிறது. சக்கரத்தின் சுற்று அந்தத் தாளத்தோடு பொருந்தும் வேகத்தில்தான் ஆட்டம் அதிகம். 1831ல் இங்கிலாந்தில், மான்செஸ்டர் பக்கம், பிராட்டன் தொங்கு பாலத்தின் மேல் சிப்பாய்கள் அணிவகுத்து நடந்தபோது பாலம் ஆட ஆரம்பித்து உடைந்து விழுந்தது. அதற்குப் பிறகு பாலம் வந்தால் காலடியை மாற்றி மாற்றி வைத்து நடக்கும்படி அவர்களுக்கு உத்தரவு. டயருக்கு அப்படி உத்தரவு போட முடியாது.

இதெல்லாம் சரி, பாலன்ஸிங் மெஷின்தான் பூஜ்யம் காட்டியதே?

இங்கேதான் சூட்சுமம். அந்த மெஷின் எடையைத்தான் பார்க்கிறது, வடிவத்தைப் பார்ப்பதில்லை. முட்டை வடிவச் சக்கரத்துக்குக்கூட அங்கங்கே எடை ஒட்டி பூஜ்யம் கொண்டுவந்துவிடலாம். அந்தரத்தில் அது சமர்த்தாகச் சுற்றும். தரையில் வைத்து, மேலே காரையும் ஏற்றினால் குதிக்கும். டயரை அழுத்திச் சுற்றிப் பார்க்கும் மெஷின்களும் உண்டு. டை இளைஞரிடம் அது இல்லை.

எங்கள் தெருமுனை பஞ்சர் கடைப் பெரியவரிடம் எந்த மெஷினுமே கிடையாது. விவரம் சொன்னதும் இரண்டே கேள்வி கேட்டார்.

"பிரேக் புடிச்சா ஆடுதா, சும்மா போனாலே ஆடுதா?"

"சும்மா போனாலே."

"கைல ஆடுதா, சீட்டுல ஆடுதா?"

"கையில்."

"அப்ப முன்னாடிதான் சார். மாத்திப் பாத்துருவோம்."

முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாட்டினார். நெடுஞ்சாலைக்குப் போனேன். 80. ஸ்டீயரிங் தியானத்தில் இருந்தது. ஆனால் சீட்டுக்கு அடியில் நடுக்கம். குற்றவாளி சக்கரத்தோடு பின்னால் போய்விட்டான். ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் அந்த நிமிஷமே விடுதலை.

திரும்பி வந்ததும் பின்பக்கம் ஜாக்கி போட்டார். ஒரு செங்கல்லின் மேல் சாக்பீஸை வைத்து டயரின் முகத்தை ஒட்டினாற்போல் நகர்த்தி, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினார். வலது பக்கம் சுற்று முழுக்க ஒரே இடைவெளி. இடது பக்கம் ஓரிடத்தில் மட்டும் சாக்பீஸ் டயரில் கோடு போட்டது, மற்ற இடத்தில் விலகி நின்றது. ரிம்மை அதே போல் சோதித்தார், அது நேர். "டயரு ரவுண்டா இல்ல சார், அவ்ளோதான். போய் மாத்திக் குடுக்கச் சொல்லு." ஐந்து வினாடிக்கு ஒரு சுற்று சுற்றிய அந்தச் சக்கரம் சொன்னதை, லட்ச ரூபாய் மெஷின் சொல்லவில்லை.

நான்காவது தடவை சர்வீஸ் சென்டருக்குப் போனபோது 'வண்டி ஆடுகிறது' என்று சொல்லவில்லை. ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனேன். ஆட்டம் 80 முதல் 95 வரை, பிரேக்குக்குச் சம்பந்தமில்லை, முன்னால் இருந்தபோது ஸ்டீயரிங்கில், பின்னால் போட்டால் சீட்டில், இடது டயரில் சாக்பீஸ் கோடு இந்த இடத்தில். டை இளைஞர் இரண்டு முறை படித்தார். என் வயதைப் பற்றிய பேச்சு வரவில்லை. "டயர் எங்க வாரன்ட்டில வராது சார், டயர் கம்பெனிதான் பார்க்கணும்" என்றார். நம் ஊரில் பொதுவாக வழக்கம் அதுதான். டயர் கம்பெனி ஆள் ஒருவர் டயல் கேஜோடு வந்து அளந்தார். கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் மேடு. பத்து நாளில் புது டயர் வந்தது.

உங்கள் வண்டியும் ஆடினால் கவனிக்க வேண்டியவை. பிரேக் அழுத்தும்போது மட்டும் ஆடினால் பிரேக் டிஸ்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். 30, 40லேயே தள்ளாடினால் ரிம் வளைந்திருக்கலாம், அல்லது டயருக்குள் பெல்ட் பிரிந்திருக்கலாம். டயரில் வீக்கம் தெரிந்தால் அதோடு நெடுஞ்சாலைக்குப் போகவே போகாதீர்கள். காலையில் கிளம்பும்போது ஆடி, கால் மணி நேரத்தில் சரியானால், வண்டி வெகுநாள் ஒரே இடத்தில் நின்றதால் டயர் தட்டையாகி இருக்கிறது. ஒரு பக்கமாக இழுத்தால் அது அலைன்மென்ட். பலரும் பாலன்ஸிங்கையும் அலைன்மென்ட்டையும் ஒன்றாக நினைக்கிறார்கள்; முன்னது எடை, பின்னது கோணம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 1423 என்றால் 2023ஆம் வருஷம் 14வது வாரம் தயாரானது. புது வண்டியின் டயருக்கு என்ன வயது என்று டெலிவரி எடுக்கும் அன்றே பார்த்துவிடலாம்.

எல்லாவற்றுக்கும் மேல், ஜாப் கார்டு. உங்கள் புகார் உங்கள் வார்த்தையில், வேகத்தோடு, தேதியோடு அதில் ஏற வேண்டும். 2019ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் கமிஷனுக்குப் போக இரண்டு வருஷம் அவகாசம் உண்டு, வக்கீல் கட்டாயமில்லை. பார்த்தால் தெரியாத பழுது என்றால் பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லவும் அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால், அங்கே முதலில் கேட்பது காகிதம்தான். 'செக்ட், ஓகே' என்று மூன்று ஜாப் கார்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு நான்காவதாகப் போய் அழுதால் எடுபடுவது கஷ்டம். ஒத்துக்கொள்ளாவிட்டால், 'நடுக்கம் தொடர்கிறது' என்று பக்கத்தில் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

யாராவது, "ஓட ஓட செட் ஆயிடும் சார்" என்றால் கோபப்படாமல், "எத்தனாவது கிலோமீட்டரில்?" என்று கேளுங்கள். அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். அவருக்கு லேசாகக் கை நடுங்கும்.