பொய்க் கடிகாரம்

நமது பெரியப்பா வீட்டுக் கூடத்துச் சுவரில் வட்டமான பித்தளை யந்திரம் ஒன்று வெகு காலமாகத் தொங்குகிறது. காற்றின் பாரத்தை அளக்கும் பாரமானி, இங்கிலாந்தில் செய்தது. முகப்பில் மழை, மாறுதல், நல்ல வானிலை என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். வேதாரணியத்துக்கு அருகிலுள்ள அந்தக் கிராமத்தில் அது சொல்லி ஒரு நாளாவது மழை பெய்ததாக நமக்கு நினைவில்லை! பெரியம்மா அதற்குப் 'பொய்க் கடிகாரம்' என்றே பெயர் சூட்டியிருந்தார்.

ஆனால் யந்திரத்தின்மேல் குற்றமில்லை. பிரெஞ்சுக்காரரான லூசியான் விடி 1844-ம் ஆண்டில் கண்ட முறை அது. உள்ளே மெல்லிய உலோகத் தகட்டாலான சிறு டப்பி. அதிலிருந்து காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றி மூடியிருப்பார்கள். வெளிக்காற்று அதை நசுக்கப் பார்க்கும். உறுதியான வில் ஒன்று நசுங்க விடாமல் தாங்கும். பாரம் கூடினால் டப்பி மயிரிழையளவு ஒடுங்கும், குறைந்தால் உப்பும். அந்த மயிரிழையை நெம்புகோல்களும் நுண்ணிய சங்கிலியும் பெரிதாக்கி முள்ளைத் திருப்புகின்றன. அதன் கீழேயுள்ள உஷ்ணமானியும் இதே இனந்தான். பித்தளையையும் இரும்பையும் ஒட்டிச் சுருட்டிய பட்டை அதற்குள் இருக்கிறது. சூட்டில் பித்தளை அதிகம் நீளுவதால் சுருள் அசைந்து முள்ளைத் தள்ளும்.

எழுத்துக்களோ சீமையின் சீதோஷ்ணத்துக்கு ஏற்றவை. நமது கடற்கரையில் சாதாரண மழைக்கு முள் அதிகம் அசைவதில்லை. மாறாக, காற்றின் பாரம் தினந்தோறும் இருமுறை ஏறி இறங்குகிறது. காலையிலும் இரவிலும் பத்து மணி வாக்கில் உச்சம். மாலையிலும் விடியலிலும் நான்கு மணி வாக்கில் தாழ்வு. பெரியப்பா ஒருவர்தாம் இதைக் கவனித்து வைத்திருந்தார்.

2018 நவம்பர் 15-ந் தேதி நாமும் அங்கிருந்தோம். கஜா புயல் வருகிறதென்று வானொலி ஓயாமல் எச்சரித்தது. "இதுபோல் எத்தனை பார்த்தாயிற்று!" என்று பெரியப்பா ஓட்டு வீட்டை விட்டு நகர மறுத்துவிட்டார். பெரியம்மா அழுதும் பயனில்லை. இரவு பத்து மணிக்கு விளக்குடன் போய், வழக்கம்போல் கண்ணாடியைத் தட்டினார். ஏற வேண்டிய வேளையில் முள் சட்டென்று இறங்கிற்று. சற்றுப் பொறுத்து மறுபடி தட்டினார், மறுபடியும் இறங்கிற்று.

"தம்பி, பெரியம்மாவை அழைத்துக்கொண்டு வா" என்றார். குரல் மாறியிருந்தது. எதிரிலிருந்த மெத்தை வீட்டுக்கு ஓடினோம். நள்ளிரவுக்குப் பின் புயல் கரை கடந்தது.

விடிந்து வந்து பார்த்தபோது, கூடத்துக் கூரையில் பாதி, பெரியப்பா படுக்கும் ஊஞ்சலின்மேல் கிடந்தது. சுவர் மட்டும் நின்றது. முள் பழைய இடத்துக்கு ஏறியிருந்தது. பெரியம்மா ஓடுகளின்மேல் கால் வைத்து ஏறி, முந்தானையால் அதன் கண்ணாடியைத் துடைத்தார்.