24 பாட்டு... 2,22,000 டாலர்!

மினியாபோலிஸிலிருந்து வடக்கே 240 கிலோமீட்டர். கடைசி மேட்டைத் தாண்டி கார் இறங்கியதும் சடாரென்று எதிரே கடல்!

"கடல் இல்ல மாமா, ஏரி" என்றான் அக்கா மகன். சுப்பீரியர் ஏரியாம். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், அலை வேறு அடிக்கிறது. செம்பரம்பாக்கத்தைப் பார்த்தே வாயைப் பிளந்தவன் நான்.

ஊர் பெயர் டுலூத். ஜனங்கள் வருவது இங்குள்ள தூக்குப் பாலத்துக்காக. இரும்புத் தாது ஏற்ற வரும் கப்பல் ஹாரன் அடிக்க, பாலமும் பதிலுக்கு ஹாரன் அடித்து, நடுத்தளத்தை லிஃப்ட் மாதிரி அப்படியே மேலே தூக்கி வழிவிடுகிறது. ரெட்டை நாதஸ்வரம் தோற்றது! வேடிக்கை முடிந்ததும், "அடுத்து கோர்ட்டுக்கு விடுடா" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

சனிக்கிழமை. கோர்ட் வாசலில் ஈ, காக்கா இல்லை. இன்டர்நெட்டில் பாட்டுகளைப் பகிர்ந்த விவகாரம் அமெரிக்காவில் முதன்முதலாக ஜூரி முன்னால் வந்தது இந்தக் கட்டடத்தில்தான், 2007 அக்டோபரில். வழக்குப் போட்டவர்கள் ரெக்கார்டு கம்பெனிகள். எதிரே, தனியாகக் குழந்தைகளை வளர்த்துவந்த ஒரு பெண். 'கஸா' மூலம் 1,702 பாட்டுகளை ஊருக்கே திறந்துவிட்டார் என்று புகார். வழக்கு 24 பாட்டுக்கு மட்டும். "நான் இல்லை" என்றார் அவர். ஜூரி நம்பவில்லை. பாட்டுக்கு 9,250 டாலர் வீதம் 2,22,000 டாலர் கட்டு என்றது. அப்போது இன்டர்நெட் கடையில் ஒரு பாட்டின் விலை 99 சென்ட்!

அதற்கப்புறம்தான் பரமபதம். ஜூரிக்குத் தான் தப்பாக விளக்கிவிட்டதாக 2008-ல் நீதிபதியே தீர்ப்பை ரத்து செய்தார். 'இந்தச் சட்டத்தைத் திருத்துங்கள்' என்று அமெரிக்க நாடாளுமன்றத்தையும் கேட்டுக்கொண்டார். 2009-ல் மறு விசாரணை. புது ஜூரி போட்டது 19,20,000 டாலர்! நீதிபதி அதை 54,000-ஆகக் குறைத்தார். '25,000-ஐ இசைக் கலைஞர்களுக்கான தர்மத்துக்குக் கொடுத்தால் போதும்' என்று கம்பெனிகள் இறங்கி வந்தன. அந்தப் பெண் மறுத்துவிட்டார். மூன்றாவது ஜூரி 15 லட்சம் என்றது. கடைசியில் 2012-ல் அப்பீல் கோர்ட், பாம்பு கடித்து இறக்கின மாதிரி, பழைய 2,22,000-லேயே கொண்டுவந்து விட்டது. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டும் கையை விரித்தது.

கம்பெனிகளுக்கும் வயிற்றெரிச்சல் இருக்காதா? 1999-ல் அமெரிக்காவில் 1,460 கோடி டாலராக இருந்த இசை விற்பனை, பத்தே வருஷத்தில் ஏறக்குறைய பாதி. அதற்காக, பாட்டு கேட்கிறவனையே கூண்டில் ஏற்றுவதா? 2003-லிருந்து 30,000 பேருக்கு மேல் வழக்குப் போட்டும் டவுன்லோடு நிற்கவில்லை. 2008 டிசம்பரில் அவர்களே 'இனி கூண்டோடு வழக்கு இல்லை' என்று நிறுத்திக்கொண்டார்கள்.

எனக்கு வேறு கவலை. கோர்ட் படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். காலேஜ் நாளில் ரெக்கார்டிங் சென்டரில் லிஸ்ட் கொடுத்துப் பதிந்த கேசட் 40. கேசட்டுக்கு 12 பாட்டு. மொத்தம் 480. இந்த ஊர் ரேட்டில் 44,40,000 டாலர். அக்கா வீட்டையும் சேர்த்து விற்றாலும் தேறாது.

"எழுந்திரிங்க மாமா, பாப் டிலன் வீடு பக்கத்துலதான்."

1941-ல் டிலன் பிறந்தது இந்த ஊரில். ராக் உலகின் முதல் பிரபலத் திருட்டு ரெக்கார்டு, 1969-ல் வந்த 'கிரேட் ஒயிட் ஒண்டர்', இந்த ஊர்ப் பிள்ளையின் பாட்டுகள்தான். 1991-லிருந்து அவருடைய கம்பெனியே பழைய வெளிவராத பதிவுகளுக்கு 'பூட்லெக் சீரிஸ்' என்று பெயர் வைத்து விற்கிறது. பூட்லெக் என்றால் திருட்டுச் சரக்கு!

திரும்பும் வழியில் ஒரு கடையில் அதில் ஒரு சி.டி. வாங்கினேன்.

"பில்லை எதுக்கு மாமா நாலா மடிச்சு பர்ஸுக்குள்ள வைக்கறீங்க?"

"நீ ரோட்டைப் பார்த்து ஓட்டுடா!"