கொளத்தூரில் ஒரு மலாவி ஏரி

வண்ண மீன் வளர்ப்பது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கொத்தனார் மகனான நான், எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள், மூன்றாம் ஆண்டு சிவில் படித்துக்கொண்டே ஆப்பிரிக்க சிக்லிட் வளர்க்கிறேன். அந்த அனுபவத்தைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சென்னையில் கொளத்தூர் வண்ண மீன் தொழிலுக்குப் பெயர்போன இடம். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே ஒரு கடையில் தொட்டி கழுவும் வேலை எனக்கு. மஞ்சளும் நீலமுமாகக் கல் இடுக்கில் புகுந்து புறப்படும் மீன்களைப் பார்த்தால் அப்படியே நின்றுவிடுவேன். கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரிதான் அவற்றின் பூர்வீகம். அந்த ஏரி 550 கிலோமீட்டருக்கு மேல் நீளம், சுமார் 700 மீட்டர் ஆழம். உலகில் வேறெங்கும் இல்லாத நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் அதில் வாழ்கின்றன! ஏரியின் தென்பகுதியிலுள்ள தேசியப் பூங்காவை யுனெஸ்கோ 1984-இல் உலகப் பாரம்பரிய இடமாக அறிவித்தது.

இந்த மீன்கள் பயங்கரச் சண்டைக்காரர்கள். சின்னத் தொட்டி சரிப்படாது, நாலடியாவது வேண்டும். எங்கள் வீடோ ஒரே அறை. நாலடி தொட்டி வந்தால் ஒரு ஆள் படுக்கும் இடம் போய்விடும். நான் தயங்கி நின்றபோது அப்பா, "வாசல்ல காத்து நல்லா வருதுடா" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார். அன்றிலிருந்து அவருக்கு வாசல்தான்.

ஞாயிறு கூலியைச் சேர்த்துப் பழைய தொட்டி ஒன்று வாங்கினேன். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். 9 கன அடி, அதாவது சுமார் 255 லிட்டர். கொஞ்சம் குறைத்து ஊற்றினாலும் தண்ணீர், கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 340 கிலோ வந்தது. கணக்கு நான் போட்டேன். ஹாலோ பிளாக் அடுக்கி, டியூப் மட்டம் பிடித்து, நாலு மூலையும் சரிபார்த்தது அப்பா. "மட்டம் பாக்காம தண்ணி ஏத்துனா கண்ணாடி வுட்டுக்கும்" என்றார். அடியில் தெர்மாகோல், தொட்டிக்குள் முதலில் கல், பிறகுதான் மணல். மணல்மேல் கல்லை வைத்தால் மீன் தோண்டித் தோண்டிச் சரித்துவிடும்.

மலாவி மீனுக்குக் கடினநீர் வேண்டும், பி.எச். 7.8 முதல் 8.6 வரை. சோப்பு நுரைக்காது என்று தெருவே திட்டும் எங்கள் போர் தண்ணீர் இதற்கு ஏகப் பொருத்தம்! "சுண்ணாம்புதானே வேணும்? சுடாத கிளிஞ்சலப் போடு" என்று யோசனை சொன்னதும் அப்பாவே. கழுவி, வலைப்பையில் கட்டி ஃபில்டரில் வைத்தேன்.

உடனே மீன் விடக் கூடாது நண்பர்களே! மீன் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். பாக்டீரியா பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். தினமும் ஒரு சிட்டிகை தீவனம் போட்டு வெறும் தொட்டியை ஓட்டினேன். "மீனே இல்லாத தொட்டிக்குக் கரண்ட் எதுக்குடா?" என்று அம்மா சத்தம் போட்டார். நான் விளக்கியதும் அப்பா சிரித்தார். "அட, க்யூரிங்னு சொல்லு!"

ஆறாவது வாரம் சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம். யெல்லோ லேப், ரஸ்டி, அசேய் என்று மூன்று இனத்தில் ஐந்தைந்து குஞ்சுகளை ஒரே நாளில் விட்டேன். ஒன்று முன்னால் வந்து இடம் பிடித்துவிட்டால், பின்னால் வருவதை விரட்டும் அல்லவா? வளர்ந்த பிறகு ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் இருப்பது நல்லது. இவற்றில் சில பாசி தின்று பழகியவை. ஆகவே ஸ்பைருலினா கலந்த தீவனம்தான். புழு அதிகமானால் வயிறு உப்பக்கூடும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறேன்.

போன மாதம் ஒரு யெல்லோ லேப் முட்டைகளை வாயில் அடக்கிக்கொண்டு, ஏறக்குறைய மூன்று வாரம் தீனியைத் தொடவே இல்லை. "புள்ளத்தாச்சிய பட்டினி போடுறியே!" என்று அம்மா என்னோடு சண்டை. பிறகு தாயின் வாயிலிருந்து 14 குஞ்சுகள்! இப்போது தனித் தொட்டியில் வளர்கின்றன. ஓர் அங்குலம் வந்தால் கடைக்காரர் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆர்வமுள்ள நண்பர்கள் எந்த ஞாயிறும் வீட்டுக்கு வரலாம். தெரிந்ததைச் சொல்லித் தருகிறேன். குஞ்சு விற்கும் காசு எதற்கு என்று கேட்காதீர்கள், அது முடிவாகிவிட்டது. இரண்டு மூன்று ஈடு வளர்ந்து போனால், ஐப்பசி மழைக்குள் வாசலுக்கு ஒரு ஷீட் போட்டுவிடலாம். எத்தனை அடி வேண்டும் என்று அப்பா இப்போதே அளந்து வைத்துவிட்டார்.