மழையில் செஞ்சிக்கோட்டை: ஏறலாமா, திரும்பலாமா?

ஐப்பசி பிறந்தால் செஞ்சி மலைகளின் நிறமே மாறிவிடும். வெயிலில் தகித்த பாறைகள் கறுத்து மின்னும், சுனைகள் நிறையும். திண்டிவனத்தில் பஸ் ஏறினால் சுமார் 28 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம்.

1677-ல் சிவாஜி கைப்பற்றிய கோட்டை இது. பிறகு அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது, முகலாயப் படை சுமார் 8 ஆண்டுகள் முற்றுகையிட்டு, 1698-ல்தான் பிடித்தது. ஏன் அத்தனை ஆண்டுகள்? சுமார் 800 அடி உயர ராஜகிரியில் ஏறினால் மூச்சு வாங்கும்போதே புரிந்துவிடும். உச்சிக்குச் சற்று முன்னால் பாறையில் ஆழமான பிளவு. தாண்ட ஒரு சின்னப் பாலம்தான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பர்யப் பட்டியலில் சேர்ந்த 12 மராட்டியக் கோட்டைகளில், தமிழகத்தில் இருப்பது இது ஒன்றே.

ஆனால், இந்தப் பக்கத்து மழையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2024 ஃபெஞ்சல் புயலின்போது பக்கத்தில் உள்ள மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. கொட்டியது. நனைந்த கல்படிகள் வழுக்கும். இடி இடித்தால் உச்சியில் ஒதுங்குவது ஆபத்து. வானிலை எச்சரிக்கை இருந்தால் கிளம்பவே வேண்டாம். பிற்பகல் 3 மணிக்கு மேல் ராஜகிரி ஏற அனுமதிப்பதில்லை என்பதால் காலையிலேயே தொடங்குங்கள். கோட்டைக்குள் இரவு தங்க முடியாது. தின்பண்டத்தைக் கையில் பிடித்து நடந்தால் குரங்குகள் பறித்துவிடும்.

பாதி வழியில் மழை வலுத்தால், தயங்காமல் இறங்கிவிடுங்கள். 8 வருடம் காத்திருந்து பிடித்த கோட்டை; நாம் அடுத்த ஞாயிறு வரை காத்திருக்கலாமே!