பதினைந்து காட்டெருமைகள்

செவ்விந்தியர் என்ற சொல்லே எனக்கு லயன் காமிக்ஸிலிருந்துதான் வந்தது. டெக்ஸ் வில்லர் கதைகளில் நவஹோக்களுக்கு ஒரு மரியாதை உண்டு. இருந்தாலும் கதை டெக்ஸோடதுதான். பழைய ஹாலிவுட் வெஸ்டர்ன்களில் பெரும்பாலும் அந்த மரியாதையும் இருக்காது. மலைமுகட்டில் குதிரையில் வரிசையாக நிற்பார்கள், கத்திக்கொண்டு இறங்குவார்கள், சாவார்கள். அதனால் ‘தி டாட்டர் ஆஃப் டான்’ படத்தை ஒரு ராத்திரி லேப்டாப்பில் போட்டபோது, வெள்ளைக்காரன் எப்ப வருவான் என்று காத்துக்கொண்டே இருந்தேன். 80 நிமிஷம். வரவேயில்லை.

1920இல் ஓக்லஹோமாவின் விச்சிட்டா மலைப்பகுதியில் எடுத்த மௌனப்படம். நடித்தவர்கள் எல்லோரும் கையோவா, கமான்ச்சி மக்கள், சுமார் 300 பேர். உடைகளும் கூடாரங்களும் அவர்களே கொண்டுவந்தவை. நாயகன் வொயிட் பார்க்கர், கமான்ச்சித் தலைவர் குவானா பார்க்கரின் மகன்.

கதை சுமார்தான். தலைவரின் மகள், அவளுக்காக இரண்டு பேர், பாறை உச்சியிலிருந்து குதிக்கச் சொல்லும் பரீட்சை, பயந்தவன் எதிரியோடு சேர்வது. இயக்கிய நார்பர்ட் மைல்ஸ் வெள்ளையர். படத்தில் கையோவாக்கள் நல்லவர்கள், கமான்ச்சிகள் படையெடுத்து வருபவர்கள். ஆனால் கையோவா வீரனாக வரும் பார்க்கரோ கமான்ச்சி. துரோகியாக வரும் ஜாக் சங்கடோடா கையோவா. நிஜத்தில் இரண்டு கூட்டமும் நூறு வருஷத்துக்கும் மேலாகக் கூட்டாளிகள். படப்பிடிப்பில் இதைச் சொல்லி எவ்வளவு சிரித்திருப்பார்களோ.

என்னை நிறுத்தியது காட்டெருமை வேட்டை. தென்சமவெளியின் மந்தைகளைத் தோலுக்காக 1870களிலேயே சுட்டுத் தீர்த்துவிட்டார்கள். 1907இல் நியூயார்க் மிருகக்காட்சிசாலையிலிருந்து 15 காட்டெருமைகளை ரயிலில் ஏற்றி இந்த மலைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே பிறகு பெருகியது அவற்றின் வம்சம். வேட்டையைப் பார்க்காமலே வளர்ந்த ஒரு தலைமுறை, மிருகக்காட்சிசாலை வழி வந்த மாடுகளைத் துரத்தித் தன் தாத்தாக்களாக நடிக்கிறது.

என் ஆஃபீஸில் வருஷத்துக்கு ஒருமுறை பன்மைத்துவம் பற்றி ஒரு ஸ்லைடு வரும், பை சார்ட்டோடு. அந்தக் கணக்கில் இந்தப் படம் நூற்றுக்கு நூறு. கேமரா யாரிடம் இருந்தது, நடுவில் வரும் எழுத்து அட்டைகள் யாருடைய மொழியில் என்று கேட்டால் மார்க் சட்டென்று பூஜ்ஜியம். இரண்டும் சரிதான். ஆனால் அந்த நடனங்களை எந்தக் கட்டத்தில் போடுவது?

1883இல் வந்த அரசு விதிப்படி சூரிய நடனம் போன்றவை குற்றம். ஆடினால் ரேஷனை நிறுத்துவார்கள், திரும்ப ஆடினால் சிறையும் உண்டு. 1921இல் நடனங்களைக் கட்டுப்படுத்தச் சொல்லி இன்னொரு சுற்றறிக்கை வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடைக்காலம், சினிமா என்ற சாக்கில், பெட்டியில் கிடந்ததை எல்லாம் எடுத்து உடுத்திக்கொண்டு ஆடியிருக்கிறார்கள். மைல்ஸ் அவர்களைப் பயன்படுத்திக்கொண்டார் என்பார்கள். அவர்களும் மைல்ஸைப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

படம் பல பத்தாண்டுகள் கண்ணில் படவில்லை. வட கரோலினாவில் ஒரு தனியார் துப்பறிவாளர், செய்த வேலைக்குக் கூலியாக வாங்கிவைத்திருந்த சுருள்களில் கிடைத்தது. ஓக்லஹோமா வரலாற்றுச் சங்கம் அதை வாங்கி மீட்டெடுத்தது. புதிய இசை அமைத்தவர் டேவிட் யேக்லி, கமான்ச்சி. பிறகு கையோவா, கமான்ச்சிக் குடும்பங்கள் படத்தைப் பார்த்தபோது கதையை விட்டுவிட்டு, கூட்டத்தில் நிற்கும் முகங்களில் தங்கள் பாட்டிகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள்.